மாநிறம்

எழுத்தாளன் ஒருவன் குடும்பத்தில் பிறந்துவிட்டால் அவனால் மற்றவர்களுக்கு ஆகக்கூடிய பிரயோசனம் என்ன என்று கேட்டால், என்னிடம் பதில் இருக்கிறது. மனு எழுதித் தரலாம். கல்யாணப் பத்திரிகைக்கு வாசகம் எழுதலாம். யாராவது காலமாகிவிட்டால் 'கண்ணீர் அஞ்சலி'க்கு நாலு வரி எழுதலாம். திரேஸ்புரத்தில் எங்கள் தெருவுக்கு இந்த மூன்று உத்தியோகங்களையும் நான் இருபது வருஷமாகச் சம்பளமில்லாமல் பார்த்து வருகிறேன். நான் நாவல் எழுதுகிறவன் என்பதும் தெருவுக்குத் தெரியும். ஆனால் அதை ஒரு குறையாக யாரும் பாராட்டுவதில்லை.

சென்ற ஆண்டு நாலாவதாக ஓர் உத்தியோகம் வந்து சேர்ந்தது.

ஒருநாள் சாயங்காலம் அக்காள் வீட்டு மொட்டை மாடியில் உட்கார்ந்திருந்தேன். கரையில் நாட்டுப் படகுகள் வரிசையாக நின்றன. சங்கு குளிக்கப் போனவர்கள் திரும்பி வெகு நேரமாகியிருந்தது. அக்காள் காபியைக் கொடுத்த கையோடு கைப்பேசியையும் நீட்டினாள்.

"தம்பி, நீ எழுதுறவனாச்சே. பிள்ளையப் பத்தி நல்லதா நாலு வார்த்தை எழுதிப் போடு" என்றாள்.

அவள் மகளுக்கு இருபத்தேழு வயது. பெங்களூரில் ஒரு கம்பெனியில் கணக்குப் பார்க்கிறாள். எங்கள் அப்பா காலத்தில் என்றால் குடையும் மஞ்சள் பையுமாகத் தரகர் வருவார். காபியைக் குடித்துவிட்டுப் பெண்ணைப் பற்றிப் பாதி நிஜமும் பாதிப் பொய்யுமாகக் கேட்டுக்கொண்டு போவார். இப்போது அந்தத் தரகருக்குப் பதில் ஒரு கல்யாணத் தகவல் தளம். காபி கேட்பதில்லை என்பது ஒன்றுதான் வித்தியாசம்.

பெயர், வயது, உயரம், எடை, மதம், சாதி, அதில் உட்பிரிவு, சம்பளம் என்று ஒவ்வொரு கட்டமாக நிரப்பிக்கொண்டு போனேன். பிறகு 'நிறம்' என்று ஒரு கட்டம். மிகச் சிவப்பு, சிவப்பு, மாநிறம், கறுப்பு என நாலில் ஒன்றைத் தொட வேண்டும். நான் மாநிறத்தைத் தொட்டேன். விரல் ஒரு கணமும் தயங்கவில்லை. அந்தத் தயங்காத விரலைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

என் மருமகள் மாநிறம் அல்ல. நல்ல கறுப்பு. எங்கள் குடும்பத்தில் கறுப்பு மூன்று தலைமுறைச் சொத்து. தாத்தா முத்துக் குளித்தவர். அப்பா தோணியில் போனவர். வெயில் எங்களிடம் ஒருநாளும் கடன் வைத்ததில்லை. இதெல்லாம் எனக்குத் தெரியும். அக்காளுக்கும் தெரியும். ஆயினும் மாநிறம் என்று போட்டதும் அவள் எட்டிப் பார்த்து, "சரியாப் போட்டிருக்க" என்று சொல்லிவிட்டுத் தம்ளரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நல்லதாக நாலு வார்த்தை என்ற இடத்தில், 'அமைதியான சுபாவம், குடும்பப் பாங்கானவள்' என்று எழுதினேன். அமைதியைப் பொறுத்தவரை அதுவும் மாநிறத்தைப் போலத்தான்.

மூன்றாம் நாள் பெங்களூரிலிருந்து கூப்பிட்டாள்.

"மாமா, நல்லா இருக்கீயளா? ஒண்ணு கேக்கணும். நீங்க எழுதியிருக்கீயளே, அந்த மாநிறப் பொண்ணு யாரு மாமா? நம்ம சொந்தத்துல யாருமா?"

நான் சிரித்து மழுப்பினேன். எல்லாரும் அப்படித்தான் போடுகிறார்கள், அது ஒரு மரியாதை, கல்யாணப் பத்திரிகையில் 'நிகழும் மங்களகரமான' என்று போடுவதைப் போல ஒரு வழக்கம் என்றேன்.

"வழக்கந்தான். ஆனா நாளைக்கு ஒருத்தன் நேர்ல வந்து, எழுதின பொண்ணு எங்கன்னு கேட்டா, நான் உள்ள போயி யாரக் கூட்டிட்டு வரட்டும்?"

எனக்குப் பதில் அகப்படவில்லை. அவள்தான் பேச்சைத் தொடர்ந்தாள். "இது எனக்குப் புதுசில்ல மாமா. ஆறு மாசமா வேற ஒரு எடத்துல பாத்துட்டுத்தான் இருக்கேன்."

வேறு இடம் என்பது டேட்டிங் செயலி. வாசகர்களில் சிலருக்குப் பரிச்சயம் இருக்கலாம், இல்லாதவர்களுக்காகச் சொல்கிறேன். கைப்பேசியில் ஒரு முகம் வரும், பெயர் வரும், இரண்டு வரி சுயபுராணம் வரும். பிடித்தால் வலப் பக்கம் தள்ள வேண்டும், பிடிக்காவிட்டால் இடப் பக்கம். இருவரும் ஒருவரையொருவர் வலப் பக்கம் தள்ளியிருந்தால் பேசலாம். 2012-இல் டிண்டர் என்ற கம்பெனி ஆரம்பித்து வைத்த பழக்கம் இது. தாய்மாமனிடம் பெண் பேசக்கூடிய விஷயமா என்று முதலில் எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. அக்காளுக்கு இது தெரியாது. இந்தக் கட்டுரையைப் படித்தால் தெரிந்துகொள்வாள். "எழுதுங்க மாமா, நான் சொல்றதவிட நீங்க எழுதினா அம்மா நம்புவா" என்று மருமகள் அனுமதி கொடுத்திருக்கிறாள்.

அவள் சொன்னதில் முதல் விஷயம் பெயரைப் பற்றியது.

எங்கள் குடும்பப் பெயர் பர்னாந்து. தூத்துக்குடியில் கல் விட்டெறிந்தால் ஒரு பர்னாந்து மேலோ, ஒரு மச்சாது மேலோதான் விழும். ஆனால் பெங்களூரில் அந்தப் பெயருக்கு வேறு அர்த்தம். பெயரைப் பார்த்ததும், நீ கோவாவா, ஆங்கிலோ இந்தியனா என்று கேட்கிறார்கள். பதில் போவதற்குள் இரண்டாவது கேள்வி வந்துவிடுகிறது: வெள்ளிக்கிழமை ராத்திரி எங்கே போவாய், என்ன குடிப்பாய்? மூன்றாவது கேள்வியை அவள் என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

"எனக்கு முந்தி என் பேரு போயி அங்க ஒரு காபரே ஆடிட்டு வந்துருது மாமா" என்றாள்.

அந்தக் காபரே எங்கிருந்து வந்தது என்று அவளைவிட எனக்கு நன்றாகத் தெரியும். பழைய சினிமாவில் வில்லனுக்கு மது ஊற்றிக் கொடுக்கும் பெண்ணுக்கு என்ன பெயர் வைத்தார்கள் என்பதை யோசித்துப் பாருங்கள். கறுப்பு வெள்ளைப் படங்கள் போய்விட்டன. அந்தப் பெண் மட்டும் போகவில்லை. பெயருக்குள் ஒளிந்துகொண்டு கைப்பேசிக்கு வந்துவிட்டாள்.

பிறகு புகைப்படத்தை உற்றுப் பார்ப்பார்களாம். கறுப்பு முகம். "பர்னாந்து என்றாய், பார்த்தால் அப்படித் தெரியவில்லையே" என்று ஒருவன் எழுதினானாம், ஏதோ அவள் பெயரைத் திருடிக்கொண்டு வந்தவள்போல.

இந்தப் பெயர் வந்த கதையை அவள் எத்தனை பேருக்குத்தான் சொல்லுவாள்? 1535-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இந்தக் கரையின் பரதவர்கள் போர்த்துக்கீசியரின் பாதுகாப்பை நாடி, ஊர் ஊராக ஞானஸ்நானம் பெற்றார்கள். 1542-இல் பிரான்சிஸ் சவேரியார் இங்கே வந்து இறங்கியபோது, பெயர் மாறியிருந்த மக்கள் அவருக்காகக் காத்திருந்தார்கள். தலையில் ஊற்றிய தண்ணீரோடு வந்த பெயர் அது, ரத்தத்தோடு வந்ததல்ல. 1658-இல் டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைப் பிடித்தார்கள்; போர்த்துக்கீசியர் போய்விட்டார்கள்; பெயர் மட்டும் தங்கிவிட்டது. எங்கள் பனிமய மாதா திருவிழாவில் ஆகஸ்டு 5-ஆம் தேதி வந்து நின்று பாருங்கள். உலகத்திலுள்ள போர்த்துக்கீசியப் பெயர்களில் பாதியும், தமிழ்நாட்டு வெயிலின் எல்லா நிறங்களும் அங்கே ஒன்றாக நிற்கும். எங்களில் யாருக்கும் அது முரண்பாடாகத் தோன்றியதில்லை.

இரண்டாவது விஷயத்தைச் சொல்வதற்கு அவள் கொஞ்சம் தயங்கினாள். கறுப்பு வேண்டாம் என்று இடப் பக்கம் தள்ளுகிறவர்களால் அவளுக்குத் தொந்தரவில்லையாம். அவர்கள் தள்ளுவது இவளுக்குத் தெரியவே தெரியாது. கறுப்புதான் வேண்டும் என்று தேடி வருகிறவர்கள்தான் தொல்லையாம். கறுத்த பெண்களுக்கு உடம்பில் இன்னது அதிகம், கூச்சம் குறைவு, கடற்கரைப் பெண்கள் என்றால் இன்னும் ஒரு படி மேல் என்று ஆளுக்கொரு சாஸ்திரம் வைத்திருக்கிறார்களாம். அதைப் புகழ்ச்சி என்று நினைத்துக்கொண்டு சொல்கிறார்களாம்.

"ஒருத்தன் ரொம்ப படிச்சவன் மாமா. தமிழ் நாவல் எல்லாம் படிப்பானாம். திரேஸ்புரம்னு சொன்னதும் ஒரு நாவல் பேரச் சொல்லி, அதுல வர்ற பொண்ணு மாதிரிதான் உங்க ஊருப் பொண்ணுங்க இருப்பாங்களான்னு கேட்டான். அதுல இருந்து ரெண்டு வரியையும் அனுப்பினான்."

"எந்த நாவல்?" என்றேன். கேட்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

"உங்க நாவல்தான் மாமா."

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை.

"நீ என்ன பதில் எழுதின?"

"ஒண்ணும் எழுதல. ஆள அழிச்சிட்டேன். எழுதினவர் எங்க மாமாதான்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு."

அன்றிரவு என் இரண்டாவது நாவலை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எழுதும்போது எனக்கு வயது இருபத்தாறு. கல்லூரியில் இரண்டு வருஷம் படித்துவிட்டு, பட்டம் வாங்காமல் நின்றவன். ஊரைப் பற்றி எழுதுகிறோம் என்ற பெருமை மட்டும் நிறைய இருந்தது. அதில் இரண்டு பெண்கள் வருகிறார்கள். ஒருத்தி சங்கு குளிப்பவனின் மகள், கறுப்பு. மற்றவள் வாத்தியார் மகள், சிவப்பு. சங்கு குளிப்பவனின் மகளை நனைந்த கருங்கல் சிலை என்று வர்ணித்திருக்கிறேன். அவள் ஓடுகிறாள், குனிகிறாள், சிரிக்கிறாள், கூச்சமில்லாமல் நிற்கிறாள். முந்நூறு பக்கத்தில் அவள் என்ன நினைத்தாள் என்று ஓரிடத்தில்கூட நான் எழுதவில்லை. வாத்தியார் மகள் கடிதம் எழுதுகிறாள், கனவு காண்கிறாள், இரவெல்லாம் விழித்திருந்து யோசிக்கிறாள். சிவந்த பெண்ணுக்கு மனசைக் கொடுத்தேன். கறுத்த பெண்ணுக்கு உடம்பை மட்டும் கொடுத்து அனுப்பிவிட்டேன். அந்த நாவலுக்குக் 'கடலின் மணம் வீசுகிறது' என்று மதிப்புரை வந்தது. வந்த பணத்தில் அக்காளுக்குச் சிவப்பழகு கிரீம் ஒன்று வாங்கிக் கொடுத்ததும் அப்போது ஞாபகத்துக்கு வந்தது. அக்காளும் அதைச் சந்தோஷமாகத்தான் வாங்கிக்கொண்டாள்.

அதற்குப் பிறகுதான் இந்த விஷயத்தைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். இது எங்கள் ஊர்ச் சங்கதி மட்டுமல்ல என்று தெரிந்தது. அமெரிக்காவில் ஓகேகியூபிட் என்ற தளம் 2009-இல் தன் அங்கத்தினர்களின் கடிதப் போக்குவரத்தை ஆராய்ந்து வெளியிட்டது. யார் எழுதினாலும் ஆவலோடு பதில் போட்டவர்களில் கறுப்பினப் பெண்கள் முன்னால் நின்றார்கள். அவர்கள் எழுதியபோது வந்த பதில்களோ எல்லாரையும்விடக் குறைவு. கேட்டால் யாரும் தங்களை இன வேற்றுமை பார்ப்பவர்கள் என்று ஒப்புக்கொள்வதில்லை. 'என் ருசி இப்படி' என்பார்கள்.

ருசி என்ற அந்த வார்த்தையை மருமகளும் ஒரு முறை சொன்னாள். அவளுக்கு ஒரு சிநேகிதன், எங்கள் கரைப் பையன்தான். ஆணை விரும்பும் ஆண். "பேரு கேக்காதீய மாமா" என்றாள், கேட்கவில்லை. வெளிநாட்டில் சில வருஷம் வேலை பார்த்தவன். அங்கே ஆண்கள் ஆண்களைத் தேடும் செயலியில், இன்ன இனத்தார் வர வேண்டாம் என்று கடைவாசலில் பலகை தொங்கவிடுவதுபோல எழுதி வைத்திருப்பார்களாம். எழுதாதவர்கள், இந்தியன் என்றதும் பேச்சை நிறுத்திவிடுவார்களாம். ஊர் திரும்பினால் நம் மனிதர்கள் இருப்பார்கள் என்று சென்னைக்கு வந்தான். இங்கே கேட்ட கேள்விகள்: என்ன சாதி? சிவப்பா? நடையில் பெண் சாயல் இருக்குமா? இருந்தால் வேண்டாம். அங்கே இந்தியன் என்று தள்ளினார்கள். இங்கே கறுப்பன் என்று தள்ளுகிறார்கள். இரண்டு இடத்திலும் தள்ளியவர்கள், தாங்களும் வேறு ஓரிடத்தில் தள்ளப்பட்டவர்கள்தான். அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லையாம்.

2015-இல் மும்பையில் ஒரு தாயார், ஆணை விரும்பும் தன் மகனுக்கு மாப்பிள்ளை வேண்டும் என்று பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார். இந்தியாவே திரும்பிப் பார்த்தது. அந்தத் தாயாரின் தைரியத்துக்கு நான் தலை வணங்குகிறேன். ஆனால் விளம்பரத்தில், சாதி தடையில்லை என்று சொல்லிவிட்டு, அடைப்புக்குறிக்குள் ஐயராக இருந்தால் விசேஷம் என்றும் இருந்தது. விளையாட்டாகப் போட்டது என்று பிற்பாடு விளக்கம் வந்தது. இருக்கலாம். நான் மாநிறத்தைத் தொட்டதுகூட ஒருவகையில் விளையாட்டாகத்தான். கை பழகிய விளையாட்டு.

மனசுக்குக் கட்டளை போட முடியுமா என்று சிலர் கேட்பார்கள். முடியாது. இன்னாரைப் பிடிக்கிறது, இன்னாரைப் பிடிக்கவில்லை என்பதில் அடுத்தவன் தலையிட முடியாது, தலையிடவும் கூடாது. ஆனால் ஆயிரம் பேருக்கு ஆயிரம் ருசி இருந்தால் அது ருசி. ஆயிரம் பேருக்கும் ஒரே ருசி இருந்தால், யாரோ உட்கார்ந்து சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். சினிமா சொல்லிக் கொடுத்தது. தரகர் சொல்லிக் கொடுத்தார். நானும் முந்நூறு பக்கத்துக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

கட்டங்களை மாற்றவே முடியாது என்றும் இல்லை. 2020 ஜூன் மாதத்தில் கிரிண்டர் என்ற செயலி, இனத்தை வைத்து ஆட்களை வடிகட்டும் வசதியை எடுத்துவிடப் போவதாக அறிவித்தது. அதே மாதத்தில், அமெரிக்காவில் வாழும் நம் பெண்கள் கையெழுத்துத் திரட்டிக் கேட்டதன்பேரில், ஷாதி டாட் காம் தோல் நிறத்தை வைத்துத் தேடும் கட்டத்தை நீக்கியது. ஏன், எங்கள் தூத்துக்குடியிலேயே ஒரு கட்டம் மாறியிருக்கிறது. 2018 அக்டோபர் 31-ஆம் தேதி, இங்கே சங்கர ராமேஸ்வரர் கோயிலில் ஓர் இளைஞருக்கும் ஒரு திருநங்கைக்கும் கல்யாணம் நடந்தது. பதிவு செய்ய அதிகாரிகள் மறுத்தார்கள். வழக்கு மதுரைக்குப் போயிற்று. 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இந்துத் திருமணச் சட்டத்தில் 'மணமகள்' என்றிருக்கும் சொல்லுக்குள் திருநங்கையும் அடக்கம் என்று தீர்ப்புச் சொல்லி, பதிவு செய்யும்படி உத்தரவிட்டது. சட்டத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை. வாசித்த கண் மாறியது; அவ்வளவுதான். எல்லாருக்கும் அது கிட்டிவிடவில்லை. 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ஓரினக் காதல் குற்றமல்ல என்றது. ஆனால் 2023 அக்டோபரில், அப்படிப்பட்டவர்கள் கல்யாணம் செய்துகொள்ளும் உரிமையைத் தர மறுத்துவிட்டது. மருமகளின் சிநேகிதன் அன்றைக்கு அவளோடு பேசவேயில்லையாம்.

இதையெல்லாம் யோசிக்கும்போது தாத்தா சொன்னது ஒன்று நினைவுக்கு வருகிறது. எங்கள் கடலில் கடைசிப் பெரிய முத்துக்குளிப்பு 1961-இல் நடந்தது. அதில் அவர் குளித்திருக்கிறார். கரையில் வியாபாரிகள் பித்தளைச் சல்லடைகளை அடுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்களாம். இருபது துளைச் சல்லடையிலிருந்து ஆயிரம் துளைச் சல்லடை வரை பத்து இருக்கும். முதலில் பெரிய துளையில் சலிப்பார்கள். தங்கியது ஒரு தரம், விழுந்தது அடுத்த சல்லடைக்குப் போகும். "சல்லடைக்குப் பருமன் மட்டுந்தாம்ல தெரியும்" என்பார் தாத்தா. "ஆணிமுத்தா, சொத்தையான்னு கையில எடுத்துப் பாத்தாத்தான் தெரியும். சல்லடைய நம்பி விலை சொன்னவன் பூரா கடன்காரனாத்தான் ஊருக்குப் போனான்." சிப்பியைக் கண்டுபிடிக்க அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு கடலுக்கடியில் போக வேண்டியிருந்தது. பார்ப்பதற்கென்று அவ்வளவு சிரமப்பட்டவருக்குச் சல்லடையின்மேல் பெரிய மரியாதை இருந்திருக்க நியாயமில்லை.

அடுத்த வாரம் மருமகள் ஊருக்கு வந்திருந்தாள். மாடியில் உட்கார்ந்து இருவரும் அந்த விவரங்களைத் திருத்தினோம். நிறம் என்ற கட்டத்தைக் காலியாக விட்டுப் பார்த்தேன், தளம் ஒத்துக்கொள்ளவில்லை. எதையாவது தொட்டால்தான் மேலே போக முடியும். நான் கைப்பேசியை அவளிடம் கொடுத்தேன். அவள் கறுப்பைத் தொட்டாள். 'அமைதியான சுபாவம்' என்பதையும் அடித்துவிட்டு, 'நிறையப் பேசுவேன், கணக்கில் தப்பு வந்தால் கோபம் வரும்' என்று எழுதினாள். இருபது வருஷமாக எழுதுகிறவன் எழுதிய நாலு வார்த்தையைவிட அது நன்றாகத்தான் இருந்தது.

அக்காள் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "கறுப்புன்னு போட்டுட்டு உக்காந்திருக்கீயளே, இனி எவன் வருவான்?"

"வாறவன் தெரிஞ்சே வரட்டும்மா" என்றாள் மகள்.

மாநிறமாக இருந்த ஒரு வாரத்தில் முப்பத்தெட்டுப் பேர் விருப்பம் தெரிவித்திருந்தார்கள். கறுப்பாக மாறிய மாதத்தில் ஐந்து பேர். அக்காள் அந்த எண்ணிக்கையை என்னிடம் தினமும் சொல்லிக் காட்டினாள். மருமகள் ஐந்து பேருக்கும் பதில் எழுதியிருக்கிறாள். ஒருவன் மட்டும், கணக்கில் கோபம் வரும் என்றால் எந்த மாதிரித் தப்புக்கு என்று கேட்டிருக்கிறானாம். "இவன் படிச்சிட்டு வந்திருக்கான் மாமா" என்றாள். அதற்குமேல் எனக்கும் தெரியாது.

என் நாவல் மறுபதிப்புக்குப் போகிறது. மெய்ப்புத் தாள்கள் மேஜைமேல் கிடக்கின்றன. கருங்கல் சிலை வருகிற பக்கத்தில் பென்சிலை வைத்துவிட்டு நாலு நாளாக உட்கார்ந்திருக்கிறேன். அடித்துவிடலாமா என்று தோன்றுகிறது. அடித்தால், இருபத்தாறு வயதில் நான் பார்க்காததையெல்லாம் பார்த்தவன்போல ஆகிவிடும். அது இன்னொரு மாநிறம். எனவே அதை அப்படியே விட்டுவிட்டேன். சங்கு குளிப்பவனின் மகள் என்ன நினைத்தாள் என்பதைத் தனியாக, புதிதாகத்தான் எழுத வேண்டும். மருமகளிடம் சொன்னேன்.

"எழுதுங்க மாமா. ஆனா எழுதுறதுக்கு முந்தி அவள்ட்ட கேளுங்க" என்றாள்.